மாட்டு வேஷக்காரி சொன்னது

மாட்டுப் பொங்கல், இரவு.

இன்றைய செலவுக் கணக்கை நாளைக்கு எழுதிக்கொள்கிறேன். மனசு ஒட்டவில்லை.

மகன் குடும்பத்தோடு தீம் பார்க் பொங்கல் விழாவுக்குப் போனோம். மகள் செல்விக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகும்வரை பால், தயிர், நெய் தொடுவதில்லை என்று அம்மனிடம் வேண்டியிருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. அங்கே கடை கடையாகக் கேட்டேன். எல்லாவற்றிலும் நெய், இல்லாவிட்டால் பன்னீர்.

"இன்னாம்மா, இந்த வயசுல வீகனா?" என்று தோசைக் கடைக்காரர் சிரித்தார்.

பிள்ளைகளோடு போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்த மாட்டு வேஷக்காரி நேராக வந்து என் கையைப் பிடித்தாள். வேகவைத்த வேர்க்கடலை விற்கும் இடத்துக்குக் கூட்டிப்போய் விட்டாள்.

"இன்னிக்கு இத்தத் துன்னு. நாளைக்குப் பால் குடி. உன் வேண்டுதல் முடிஞ்சிபோச்சு."

மாட்டுத் தலைக்குள்ளிருந்து குரல் வந்தது. கண் இருக்கும் இடத்தில் கறுப்பு வலைதான் தெரிந்தது.

செல்விக்கு இது ஏழாம் மாசம். அதற்குள் எப்படி முடியும்?

வீட்டுக்கு வந்ததும் அவளுக்குப் போன் போட்டேன். "மத்தியானத்துலேர்ந்து புள்ள அசையலம்மா. தூங்குது போல" என்றாள். உடனே பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்படி மாப்பிள்ளையிடம் சொன்னேன். கிளம்பிவிட்டார்கள். இன்னும் போன் வரவில்லை.

"பண்டிகையும் அதுவுமா வெறும் வயித்தோட படுக்காதீங்கத்தே" என்று மருமகள் பால் வைத்துவிட்டுப் போனாள். அதில் ஆடை படிந்துவிட்டது. நான் தொடவில்லை.

தாயே, நான் இன்னும் முடிக்கவில்லை.