எடை குறைவு, சீட்டு இல்லை

கட்டபெட்டு

அன்பு மகள் ஸ்டெபிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை. குவைத்தில் உனக்கு டியூட்டி மாறிவிட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். இங்கே மூன்று நாளாக மழை, தேயிலைக் கொழுந்து தள்ளுகிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுதாய். கையெழுத்த வாபஸ் வாங்குங்கப்பா, ரிட்டயராக ஒரு வருசந்தான் இருக்குது, எஸ்டேட்டுக்காரங்க லைன் ஊட்ட உட்டுத் தொரத்துனா அம்மாவ எங்க கூட்டிட்டுப் போவீங்க என்று கேட்டாய். நியாயமான கேள்வி. போனில் எனக்கு வாய் வராது. ரெனிஷ் லீவு முடிந்து நாளை அங்கே கிளம்புகிறான், அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நடந்ததை முழுதாகக் கேள். நம் கோயில் ஹாலுக்கு ஞாயிறுதோறும் பிள்ளைகள் வருகிறார்கள். ஊட்டியிலிருந்து டாக்டருக்குப் படிப்பவர்கள், கோயம்புத்தூரிலிருந்து வக்கீலுக்குப் படிப்பவர்கள். எல்லாருக்கும் ஒரே மேசை. தினேஷ்குமார் என்ற டாக்டர் பிள்ளை எங்கே வலிக்கிறது என்று கேட்பான். பக்கத்தில் ஜீவிதா என்ற வக்கீல் பிள்ளை, ஏன் இத்தனை நாள் காட்டவில்லை என்று கேட்டு எழுதுவாள். பேச்சியம்மாவின் முறை வந்தது. சர்க்கரைப் புண்ணில் இரண்டு விரல் போன கால். ஏன் உடனே போகவில்லை என்றதற்கு, நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த என்னைக் காட்டினாள். மேஸ்திரி சீட்டுக் குடுக்கலீங்க. அவ்வளவுதான் சொன்னாள். கோபம்கூட இல்லை. உண்மைதான், ஸ்டெபி. எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் போக மேஸ்திரியின் சீட்டு வேண்டும். சாயங்கால நிறுவையில் பறித்த கொழுந்து எடை குறைந்தவருக்குச் சீட்டு இல்லை, வேலைக்குக் கள்ளம் என்று அர்த்தம். இருபத்திரண்டு வருடம் அப்படித்தான் எழுதினேன். காலில் புண்ணோடு சரிவில் நின்று பறித்தால் எடை எப்படி வரும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. மூன்று நாள் வந்து நின்றாள். மூன்று நாளும் திருப்பி அனுப்பினேன்.

ஜீவிதா திட்டவில்லை. அந்த ரூல் எந்தப் புத்தகத்துல இருக்குதுங்க அங்கிள் என்று மட்டும் கேட்டாள். காட்டறேன் என்றேன், ரோஷமாக. ஒரு வாரம் ஆபீஸ் அலமாரியைக் கிளறினேன். இல்லை. எனக்கு முந்தின மேஸ்திரி வாயால் சொன்னது. அவருக்கும் யாரோ. அடுத்த ஞாயிறு என் நோட்டை நானே கொண்டுபோய் மேசையில் வைத்தேன். பேச்சியம்மா, எடை குறைவு, சீட்டு இல்லை. மூன்று தேதி. என் கையெழுத்து. முதல் நாளே பார்த்திருந்தால் விரல்கள் தப்பியிருக்கலாம் என்று தினேஷ்குமார் எழுதினான். பார்க்க விடாதது எது என்று ஜீவிதா எழுதினாள். இரண்டும் லேபர் ஆபீசுக்குப் போகும் ஒரே மனு. இரண்டு தடவை படித்தேன். சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மானேஜர் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், இத்தனை வருடத்தில் முதல் தடவை. படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சுவிசேஷமுத்து, வீட்டப் பத்திக் கவலைப்படாதீங்க என்றார். நான் எழுந்துவிட்டேன். யோசிக்காமல் போட்ட கையெழுத்தெல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது. இது அப்படியல்ல. அந்த வரியை எழுத மாட்டேன், நீ இன்னும் அழுதாலும். வீடு போனால் ஊட்டி காந்தலில் சித்தி வீட்டின் பின்னறை இருக்கிறது. அம்மா சாமான் கட்டச் சாக்கு எடுத்து வைத்துவிட்டாள். போனாப் போகுது, எப்படியும் ஒழுகற ஊடுதானே என்கிறாள்.

செவ்வாய்க்கிழமை குன்னூர் லேபர் ஆபீசில் விசாரணை. பேச்சியம்மாவும் வருகிறாள், மெதுவாகத்தான் நடப்பாள், அதனால் முதல் பஸ். ஏனுங்க மேஸ்திரி, குன்னூருக்குப் போறதுக்கு எத்தன கிலோ பறிக்கோணும் என்று லைன் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என்னை மன்னிக்கவில்லை என்று தெரிகிறது. மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவும் இல்லை, பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் பிடிக்க வேண்டும்.

ஆண்டவர் உன்னைக் கண்மணிபோல் காப்பார். வெறும் வயிற்றோடு டியூட்டிக்குப் போகாதே. செவ்வாயன்று எங்களுக்காக ஜெபம் செய். நான் வாபஸ் வாங்க வேண்டுமென்று மட்டும் ஜெபிக்காதே.

படித்துப் பார்த்துக் கையெழுத்திடும்
உன் அப்பா
சுவிசேஷமுத்து