பெட்டிக்குள்ளேயே வந்த எண்

இன்று காலை என் பழைய கணினியில் புது இயங்குதளம் போடலாம் என்று உட்கார்ந்தேன். கோப்பு இறங்கி முடியவே இரண்டு மணி நேரம் ஆயிற்று. செண்பகனூரில் மழை பிடித்தால் இணையமும் படுத்துவிடுகிறது. இறக்கிய கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று பார்க்க, அதே பக்கத்தில் எழுத்தும் இலக்கமுமாக ஒரு நீண்ட வரி கொடுத்திருந்தார்கள். என்னிடம் வந்த கோப்பைக் கணக்கிட்டாலும் அதே வரி வரவேண்டும். வந்தது. ஆனாலும் மேற்கொண்டு கை ஓடவில்லை. நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் என்னை இப்படித்தான் நிறுத்தி வைக்கிறாய். அலுப்பாக இருக்கிறது, புள்ள.

எண்பதுகளின் பின்பாதியில், ஏரிக்கு மேலே இருந்த அந்தச் சின்ன உதவி நிலையத்தில் நாம் இரண்டே பேர். யாரோ நல்ல மனசுக்காரர் கொடுத்த கணினி ஒன்று. ஈரம் ஏறாமல் இருக்க அதன் பக்கத்தில் எப்போதும் ஒரு குண்டு பல்பு எரியும். சிலோனிலிருந்து திரும்பி, மண்டபம் முகாமில் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்துபோன குடும்பங்களின் பெயர்களை அதில் ஏற்றினோம். பட்டியலை அச்சடித்து நீலகிரிக்கு அனுப்பினால், அங்கே இதே வேலை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியலோடு ஒத்துப் பார்த்துச் சொல்வதாக ஏற்பாடு. நான் வாசிப்பேன், நீ தட்டுவாய். ஒவ்வொரு வரிக்கும் ‘ம்’ என்பாய். ‘ம்’ வராமல் நான் அடுத்த வரிக்குப் போகக் கூடாது, அது உன் சட்டம். தேடவேண்டியவர்களில் முதல் பெயர் உன் அண்ணனுடையது. முகாமில் பிரிந்த பிறகு அவரை நீ பார்க்கவேயில்லை.

கணினி அடிக்கடி முரண்டு பிடித்ததால் மதுரைக் கடையிலிருந்து புது இயங்குதளத்தைப் பிளாப்பித் தட்டில் வரவழைத்தோம். கடைக்காரர் முன்கூட்டியே போனில் சொல்லியிருந்தார்: “பிளாப்பி பஸ்ஸுல வரும். சரிபார்க்குற எண்ண நான் போன்ல சொல்றேன். ரெண்டும் ஒண்ணா வரக்கூடாதும்மா.” பிளாப்பிப் பெட்டி வந்த அன்று மலைப்பாதையில் மரம் விழுந்து போன் செத்துக் கிடந்தது. நீ பெயர் சேகரிக்கப் பாச்சலூர் போயிருந்தாய். பெட்டியைத் திறந்தால் உள்ளேயே ஒரு சீட்டு, அதில் ஒரு எண். போட்டுப் பார்த்தேன், அச்சாக ஒத்துப்போனது. நீ வருவதற்குள் முடித்துவைத்தால் வந்ததுமே அச்சடிக்கலாமே என்று நினைத்தேன். உன்னைச் சந்தோஷப்படுத்தத்தான் அவசரப்பட்டேன் என்பதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

பாதியில் திரை உறைந்தது. மறுபடி போட்டபோது பட்டியல் இல்லை, எதுவுமே இல்லை. நகல் எடுத்து வைத்த பிளாப்பிகளை உறையிலிருந்து உருவினால் எல்லாவற்றிலும் வெள்ளையாகப் பூஞ்சை. இரண்டு நாள் கழித்து உயிர் வந்த போனில் கடைக்காரர் சொன்ன எண் வேறு. “பெட்டி கட்டினவங்க அந்தக் கெட்டுப்போன பிளாப்பியவே கணக்குப் போட்டு எழுதிட்டாங்கம்மா. அப்ப ஒத்துத்தானே போகும்?” என்றார்.

அன்று சாயங்காலம் நனைந்த ஸ்வெட்டரோடு நீ வந்து நின்றாய். “எண்ணு சரியாத்தான் இருந்துச்சு புள்ள, நான் பாத்தேன்ல” என்றேன். திரையைப் பார்த்துவிட்டு, “எதோட சரி அக்கா?” என்றாய். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அழப்போன என்னைத்தான் அதட்டினாய்: “இப்ப அழ ஏலாது அக்கா. எழும்புங்க, முதல்ல இருந்து எழுதுவம்.”

பெயர் ஏற்ற வாங்கிய காகிதங்களை அந்தந்தக் குடும்பத்திடமே திருப்பிக் கொடுத்திருந்தோம். அதனால் மறுபடி ஒவ்வொரு வாசலாக ஏறினோம். ஒரு வருஷம் பிடித்தது. பட்டியல் போய், பதிலும் வந்தது. உன் அண்ணன் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் இருந்திருக்கிறார். கடிதம் வருவதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் இறந்துபோனார்.

நீ போய் அவர் மகளைப் பார்த்துவிட்டு வந்தாய். அந்த இரண்டு மாதத்தையும் என் பெட்டிச் சீட்டையும் நீ ஒரு நாளும் சேர்த்துப் பேசியதில்லை. ஆனால் உப்பு சரி, பஸ் நேரம் சரி என்று நான் எதைச் சொன்னாலும், அட்டுவம்பட்டியில் உன் வீட்டு அடுப்படியிலிருந்து சிரித்துக்கொண்டே கேட்பாய்: “எதோட சரி அக்கா?” நானும் சிரிப்பேன். ஒவ்வொரு தடவையும் வலித்தது, உன்னிடம் சொன்னதில்லை.

இன்று உன் அண்ணன் மகளுக்குப் போன் போட்டேன். கோத்தகிரியில் அவள் தன் கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, அங்கே தெரிகிற வரியை எனக்கு வாசிக்கவேண்டும் என்றேன்.

“இதெல்லாம் யாரு அத்தை பாக்குறா? போட்டுட்டுப் போங்களேன்.”

“வாசி தாயி.”

நாலு நாலு எழுத்தாக வாசித்தாள். நான் என் திரையைப் பார்த்து ‘ம்’ சொன்னேன். ‘ம்’ வரும்வரை அவள் அடுத்ததற்குப் போகவில்லை. கடைசி எழுத்தும் ஒத்துப்போனது.

“சரியா இருக்கு” என்றேன்.

“எதோட சரி அத்தை?” என்று சிரித்தாள். உன்னிடம் பழகிய வாய். அதன் பின்னால் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. நீ சொல்லியிருக்கவில்லை.

இந்தத் தடவை நான் சொன்னேன். மரம் விழுந்தது, பெட்டிக்குள் இருந்த சீட்டு, வீணாய்ப் போன வருஷம், அவள் அப்பாவை நீ பார்க்காமல் போன அந்த இரண்டு மாதம். ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

போனை வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். பிறகு மெதுவாக, உன் குரலிலேயே, “ம்” என்றாள்.