அம்மா அடித்த கம்பளம்

அண்ணா,

போர்க்களத்தில் அப்பா விழுந்ததும் நீ குதிரையைத் திருப்பிக்கொண்டு ஓடினாய். நான் நின்றேன். "எங்களோட நின்ன பொண்ணுதான் இனி எங்க கான்!" என்று படை கத்துகிறது. பௌர்ணமியன்று அரசியாக முடிசூட்ட, என்னை வெள்ளைக் கம்பளத்தில் உட்காரவைத்துத் தூக்குகிறார்கள். முன்மூலையை மூத்தவன் பிடிப்பதுதானே வழக்கம்? வந்துவிடு. கடிதத்தோடு வரும் நூறு வீரர்களும் உன்னோடுதான் திரும்புவார்கள்.

யாரும் மிதிக்கக்கூடாத உன் கூடார வாசற்படியை மிதித்துவிட்டாள் என்று, அப்பாவின் அடிமையான என் அம்மாவைக் கொல்லவைத்தாய். "அடிமைக் கழுதைக்குக் கண்ணு தெரியலையாம்டா!" என்று சிரிக்கவும் செய்தாய். உங்களுக்குக் கம்பளம் செய்யக் கம்பளி அடித்த தூசியில்தான் அவள் கண் போனது. இந்தக் கம்பளமும் அவள் அடித்ததே.

அரச ரத்தம் மண்ணில் சிந்தக்கூடாது. அதனால் அரச குலத்தவரைக் கொல்லும்போது கம்பளத்தில் சுருட்டி, மேலே குதிரைகளை ஓட்டுவார்கள். அந்த மரியாதை உனக்கும் உண்டு.

நான் இறங்கியதும் கம்பளம் காலியாகிவிடும்.

இப்படிக்கு,
கம்பளிக்காரியின் மகள்