ஒழுங்குபடுத்தும் பொத்தான்

2001 மே 6, ஞாயிறு

நேற்றுக் கொழும்பிலிருந்து தபாலில் வந்த கணினி இதழை இன்றுதான் ஆறுதலாகப் படித்தேன். அட்டையோடு ஒரு சீடி ஒட்டியிருக்கிறது. வீட்டுக் கணினிக்கு ஏற்ற இலவச அலுவலகத் தொகுப்பாம். கடிதம் எழுத ஒன்று, அட்டவணை போட ஒன்று, இன்னும் என்னென்னவோ. பாவித்துப் பார்த்து ஒரு பக்கத்தில் கருத்து எழுதும்படி வாசகர்களைக் கேட்டிருக்கிறார்கள். நல்லவற்றைப் பெயருடன் போடுவார்களாம்.

நான் எழுதாமல் வேறு யார் எழுதுவது? அரசாங்க அலுவலகமான கச்சேரியில் இருபத்தெட்டு வருடம் தமிழும் இங்கிலீசும் தட்டச்சு செய்தவள். என் மேசையிலிருந்து போன கடிதம் ஒன்றுகூடப் பிழையென்று திரும்பி வந்ததில்லை. வேலையிலிருந்து இளைப்பாறிய கையோடு தம்பி நல்லரத்தினம் லண்டனிலிருந்து இந்தக் கணினிக்கு வழி செய்தான். "அக்கா, இருந்து படம் பாருங்க" என்றான். படம் பார்க்கவா? இன்றைக்கு ஊரின் விண்ணப்பம், கலியாணக் காட், மரண அறிவித்தல் எல்லாம் எங்கள் வீட்டு மண்டபத்தில்தான் பிறக்கின்றன.

இவர் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். "இஞ்ச பாரு சீதேவி, கொம்பியூட்டர்தான் உனக்கு மார்க்ஸ் போடணும். நீ அதுக்குப் போடப் போறியா?"

முப்பது வருடமாக இந்த வினாயகமூர்த்திக்கு மார்க்ஸ் போட்டுக்கொண்டிருப்பவள் நான். கணினி எந்த மூலைக்கு?

மே 9, புதன்

சீடியைப் போட்டு நிறுவியாயிற்று. கருத்துக்குக் குறிப்புகள்:

திறக்க நேரம் எடுக்கிறது. அதற்குள் தேத்தண்ணி வைத்துவிட்டு வரலாம்.

செய்ததைத் திரும்ப இல்லையென்றாக்கும் பொத்தான் மிக நல்லது. இது அந்தக் காலத்தில் இருந்திருந்தால் கச்சேரியில் எவ்வளவு கண்ணீர் மிச்சம்! புதிதாக வந்த பெண்பிள்ளைகள் ஸ்டென்சிலைக் கெடுத்துவிட்டு அழுத அழுகை இன்னும் காதில் நிற்கிறது. நான் அழவில்லை. கெடுத்தால்தானே அழ.

எல்லாவற்றிலும் பெரியது, தானே சேமிக்கும் வசதி. நாம் கேளாமலே சில நிமிடத்துக்கு ஒருமுறை கோப்பை எழுதி வைத்துக்கொள்கிறது. மின்சாரம் நினைத்தபோது வந்து நினைத்தபோது போகிற எங்கள் பக்கத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 'மிகவும் பாராட்டத்தக்கது' என்று எழுதி அடியில் கோடும் போட்டேன்.

மே 11, வெள்ளி

பகல் முழுக்க மின்சாரம் இல்லை. தூரத்தில் ஷெல் சத்தம். ஒன்றும் எழுதவில்லை.

மே 12, சனி

காத்தான்குடியிலிருந்து றஸீனா வந்திருந்தாள். கச்சேரியில் எனக்கு அடுத்த மேசை. அவளும் இப்போது வீட்டில் கணினி வைத்துத்தான் தையல் ஓடர்களைப் பதிகிறாள். புதியதைத் திறந்து பெருமையாகக் காட்டினேன். அவளுக்குப் பிடிக்கவில்லை.

"எனக்கு என்ட பழசே போதும் அக்கா. கைக்குப் பழகின கத்தரிக்கோல ஆராச்சும் மாத்துவாங்களா?"

தானே சேமிப்பதைச் சொன்னேன். அதற்கும் முகத்தைச் சுளித்தாள். "கேளாம வேல செய்யிற புள்ளயக் கண்டா எனக்குப் பயம். நல்லதையும் செய்யும், மத்ததையும் செய்யும்."

பொறாமை என்று நினைத்தேன். இல்லாவிட்டால் சோம்பல். ஆனாலும் எதிர்க்கருத்து என்று அதையும் குறித்து வைத்திருக்கிறேன். நான் நியாயமான ஆள்.

மே 15, செவ்வாய்

இன்று வண்ணக்கர் கதிர்காமத்தம்பி வீட்டுக்கு வந்தார். கண்ணகை அம்மன் கோயிலை நடத்துகிறவர் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வருவதென்றால் சும்மாவா? "மச்சாள், இந்த வரிசத்து நோட்டீஸ உங்கட கொம்பியூட்டர்ல அடிப்பம்" என்றார். அவர் ஒரு குடி, நான் வேறு குடி; குடி மாறித்தான் இங்கே சம்பந்தம். ஆகவே நான் அவருக்கு மச்சாள்.

இருபத்தொன்பதாம் திகதி கோயில் கதவு திறக்கிறது. ஏழு நாள் சடங்கு, ஏழு குடி. தாய்வழியாக வருகிற ஒவ்வொரு குடிக்கும் ஒரு நாள் பூசை. யாருக்குப் பிறகு யார் என்பது நாங்கள் யாரும் பிறக்கும் முன்பே முடிந்த காரியம். முதல் நாள் கதவு திறப்பது வண்ணக்கரின் குடி. ஏழாம் நாள் எங்கள் அம்மாவின் குடி, அதாவது என்னுடையது. இந்த ஒழுங்கில் கை வைத்ததற்காக ஊர் இரண்டுபட்டு, கோயில் பூட்டிக் கிடந்த வருடமும் உண்டு. அந்த ஒழுங்கை எழுதிய தாளை என்னிடம் தந்துவிட்டுப் போயிருக்கிறார்.

பயம் இல்லை. நெஞ்சுதான் கொஞ்சம் பெருத்துவிட்டது.

மே 17, வியாழன்

நோட்டீஸ் முடிந்தது. மேலே அம்மன் படம், கீழே அட்டவணை: ஒரு பக்கம் நாள், மறுபக்கம் குடி. இவரை உரத்து வாசிக்கச் சொல்லி, மூலப்பிரதியோடு நான் ஒத்துப் பார்த்தேன். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

பிறகு, இதழுக்கு எழுதுவதற்காக, 'ஒழுங்குபடுத்து' என்ற பொத்தானையும் பார்ப்போமே என்று குடிப் பக்கத்தைத் தெரிவுசெய்து அமத்தினேன். அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கியது. ஓடினேன். பாலை இறக்கி, அடுப்பைத் துடைத்துவிட்டு வருவதற்குள் மின்சாரம் போய்விட்டது.

பின்னேரம் மின்சாரம் வந்ததும் பதறிக்கொண்டு திறந்தேன். அம்மன் படம், தலைப்பு, எல்லாம் அப்படியே! தானே சேமித்திருக்கிறது. அப்படியே பிளாப்பியில் ஏற்றிவிட்டு, றஸீனாவுக்குப் பதில் சொல்வதுபோலக் கருத்தில் இன்னும் ஒரு வரி பாராட்டு எழுதினேன்.

மே 19, சனி

பிளாப்பியோடு பட்டணத்து அச்சகத்துக்குப் போய் வந்தேன். செட்டிபாளையம் தாண்டியதும் ஒரு இடத்தில் சோதனைக்காக பஸ்ஸிலிருந்து இறக்கி ஏற்றினார்கள், பாலத்தடியில் இன்னொரு முறை. அங்கே நின்ற சிப்பாய் பிளாப்பியின் தகரக் கதவை இழுத்து இழுத்து விட்டு, காதில் வைத்தும் பார்த்தான். கோயில் நோட்டீஸ் என்றேன். தாளே இல்லாமல் என்ன நோட்டீஸ் என்று அவன் முகத்தில் தெரிந்தது. கையெடுத்துக் கும்பிட்டுக் காட்டினேன். விட்டுவிட்டான்.

அச்சானதும் வண்ணக்கரே எடுத்துக்கொள்வார். என் வேலை முடிந்தது.

மே 23, புதன்

ஐயோ.

காலையில் நோட்டீஸ் ஊருக்குள் போயிருக்கிறது. பத்து மணிக்கு முன் வண்ணக்கர் வந்தார். உள்ளே வரவில்லை. படலைக்கு வெளியே நின்று தாளை நீட்டினார்.

முதலாம் நாள் எங்கள் குடி. ஏழாம் நாள் அவருடைய குடி. நடுவில் இருக்கிற ஐந்தும் கலைந்து கிடக்கின்றன.

"எத்தின காலமா இத மனசில வச்சிருந்தீங்க மச்சாள்?" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

என் வாயில் வந்தது ஒன்றுதான்: "நான் பிழை விடுற ஆளில்ல."

"அப்ப வேணுமெண்டுதான் செஞ்சிரிக்கீங்க" என்றுவிட்டுப் போய்விட்டார்.

அவருடைய குடியார் கதவு திறக்க வரமாட்டார்களாம். இந்த வருடம் சடங்கே இல்லையாம். கிணற்றடியில் பெண்கள் நான் வந்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள். செத்துப்போன அம்மாவையும் இழுக்கிறார்கள், தாய்க்குணமாம். என்ர அம்மா ஆருக்கு முன்னால போய் நிண்டவ? கடைசியா நிண்டு கும்பிட்டுப்போட்டு வாறவ. அவவையா சொல்றீங்க?

மே 24, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்.

அட்டவணையில் நாள்கள் தத்தம் இடத்தில் அசையாமல் நிற்கின்றன. குடிகள் மட்டும் மாறியிருக்கின்றன. நான் குடிப் பக்கத்தை மட்டும்தானே தெரிவுசெய்து அமத்தினேன்? அது அதை மட்டும் அடுக்கியிருக்கிறது. நான் பால் இறக்கப் போன நேரம், அடுக்கியதைக் கேளாமலே சேமித்தும் விட்டது. நான் படத்தைப் பார்த்துப் பூரித்துப்போய்க் கீழே பார்க்கவில்லை.

எங்கள் குடி ஏன் தலைக்குப் போனது? திரையில் தெரிவதுதான் தமிழ். உள்ளுக்குள் கணினிக்கு எல்லாம் இங்கிலீசு விசைகள். எங்கள் குடிப்பெயரின் முதல் எழுத்துக்கு நான் தட்டுவது இங்கிலீசு 'சி'. வண்ணக்கரின் குடிக்கு 'ரி' (T). ஆகவே நாங்கள் முதல், அவர்கள் கடைசி. இவ்வளவுதான் சங்கதி.

இவருக்கு விளங்கப்படுத்தினேன். முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப என்ன? கொம்பியூட்டர் கெடுத்துப்போட்டுதெண்டு சொல்லு. இந்த ஊரில ஆர் உன்னக் குறுக்குக் கேள்வி கேக்கப் போறான்? கொழும்புக்கும் அப்பிடியே எழுது."

நம்புவார்கள். எல்லோரும் நம்புவார்கள். நாளைக்கே வண்ணக்கர் சிரித்துக்கொண்டு வருவார்.

ஆனால் அமத்தினது ஆர்? நான்தானே. பாக்காமக் குடுத்தது ஆர்? அதுவும் நான்தான். வாயில்லாத சாமானில பழியப் போட்டுட்டு நான் நல்லவளா இருக்கிறதா? பிழையே விடாதவள் எண்டு இனி என்னால சொல்ல ஏலாது. அது போச்சுது. பொய்க்காரி எண்டும் ஆகணுமா?

மே 25, வெள்ளி

இவரை அனுப்பி ஏழு குடித் தலைவர்களையும் கூப்பிட்டேன். வண்ணக்கர் கடைசியாக வந்து, கதவோரம் நின்றார். மின்சாரம் இருந்தது. அம்மன் புண்ணியம்.

திரையில் சரியான ஒழுங்கில் அட்டவணையைப் போட்டுக் காட்டினேன். முதலாவதாகத் தங்கள் குடியைக் கண்டதும் வண்ணக்கர் இரண்டடி முன்னே வந்தார். "இந்தப் பொத்தான நீங்களே அமத்துங்க" என்றேன். அமத்தினார். அவர் குடி விழுந்து அடியில் போய் நின்றது. சுட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டார்.

"ஆத்தே!"

அதன்பிறகு மற்றவர்களைப் பிடிக்க முடியவில்லை. ஆளாளுக்கு அமத்திப் பார்க்கிறார்கள். திரும்ப ஒழுங்காக்கித் தருவதுதான் எனக்கு வேலையாகிவிட்டது. மூன்றாம் குடித் தலைவர் சொன்னார்: "அப்ப இது இந்தக் கொம்பியூட்டர்ர வேல. மச்சாள்ர வேலயில்ல. முடிஞ்சிது கத."

எல்லோரும் தலையாட்டினார்கள். இவர் எனக்குக் கண்ணைக் காட்டினார், பேசாமல் இரு என்று.

"இல்ல" என்றேன். "அது சொன்னதத்தான் செஞ்சிது. அமத்தினது நான். திருப்பிப் பாக்காமக் குடுத்ததும் நான். வேணுமெண்டு செய்யல்ல. ஆனா பிழை என்ர பிழைதான்."

வண்ணக்கர் என்னையே பார்த்தார்.

"பிழை விடுற ஆளில்ல எண்டு அண்டைக்குச் சொன்னீங்க."

"அண்டைக்குச் சொன்னதும் பிழைதான் வண்ணக்கர்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவோரத்தை விட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார். "தேத்தண்ணி ஊத்துங்க மச்சாள்" என்றார். எங்கள் வீட்டில் வாய் நனைக்கிறார் என்றால் வேறு தீர்ப்பு வேண்டியதில்லை. குசினிக்குள் போய்ச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஸ்டென்சில் கெடுத்த பிள்ளைகளை இனிப் பழிக்கமாட்டேன்.

மே 27, ஞாயிறு

பட்டணத்துக்குப் பாதை பூட்டு. அச்சகம் இல்லை. வீட்டு அச்சுப்பொறியிலேயே அடித்தேன். ஒவ்வொரு தாளையும் ஏழாவது வரிவரைக்கும் பார்த்த பிறகே அடுத்ததை விட்டேன். "எல்லாம் ஒண்டுதானே புள்ள" என்றார் இவர். ஒன்றுதான். இருந்தாலும் பார்த்தேன்.

மே 29, செவ்வாய்

கதவு திறந்தது. திறக்கவேண்டியவர்கள் திறந்தார்கள்.

ஜூன் 4, திங்கள்

ஏழாம் நாள். எங்கள் குடியின் பூசை. மடைப் படையல் வைத்து, பெண்கள் குரவை போட்டு, அம்மன் குளிர்ந்தாள். கோயில் மரியாதையான வெற்றிலைக் காளாஞ்சி ஒவ்வொரு குடியாகப் போய், கடைசியாக எங்களுக்கு வந்தது. அம்மா நின்ற இடத்தில் நின்றேன். கடைசி இடத்தில் இவ்வளவு பெருமையாக நான் ஒருநாளும் நின்றதில்லை.

ஜூலை 15, ஞாயிறு

இதழ் வந்துவிட்டது. பதினோராம் பக்கம்: திருமதி சீதேவிப்பிள்ளை வினாயகமூர்த்தி, மட்டக்களப்பு. இவர் அதைத் தெரு முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தானே சேமிப்பது நல்லது, ஆனால் சேமித்ததைத் திறந்து பார்க்கவேண்டியவர் பாவனையாளர் என்று எழுதியிருந்தேன். ஒழுங்குபடுத்தும் பொத்தான், 'இந்தப் பக்கம் மட்டுமா, அட்டவணை முழுவதுமா?' என்று ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்றும், தமிழைத் தமிழாகவே அறிந்து அடுக்கவேண்டும் என்றும் எழுதியிருந்தேன். எல்லாம் வந்திருக்கிறது. 'எங்கள் ஊரில் முக்கியமான எந்த ஒழுங்கும் அகரவரிசையில் இல்லை' என்று முடித்திருந்தேன். அதை வெட்டிவிட்டார்கள். கொழும்பில் இருப்பவர்களுக்கு என்ன விளங்கும்?

றஸீனாவின் கருத்தையும் அவள் பெயரோடு சேர்த்து அனுப்பியிருந்தேன். அது ஒரு சொல்லும் குறையாமல் வந்திருக்கிறது. அவளுக்கு ஒரு பிரதி எடுத்து வைக்கவேண்டும்.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

காலையில் ஒருவர் வந்தார். சீனித்தம்பி என்று பெயர், படுவான்கரையில் ஒரு கோயிலின் வண்ணக்கராம். வாவியைத் தோணியில் கடந்து, சோதனையெல்லாம் தாண்டி வந்திருக்கிறார். வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. மடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். எங்களுக்கு ஏழு குடி, அவர்களுக்கு ஒன்பது. நோட்டீஸ் அடிக்கவேண்டும்.

எனக்கு ஆச்சரியம். "பட்டணத்தில கடை கடையா கொம்பியூட்டர் இருக்கே. இவ்வளவு தூரம் ஏன் வந்தீங்க?"

"அங்கயெல்லாம் பிழை வந்தா கொம்பியூட்டர்ல பிழையெண்டுறானுகள் அம்மா. இது கோயில் காரியம்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, நான் சரியான ஆள்தானா என்று பார்ப்பவர்போல என் முகத்தைப் பார்த்தார். "பிழை விட்டா, நான்தான் விட்டனெண்டு சொல்ற அம்மா நீங்கதானே?"

இப்படியும் ஒரு பட்டம். வாவிக்கு அந்தப் பக்கம்வரை போயிருக்கிறது.

"ஓம், நான்தான்" என்று சொல்லிக் கதிரையை இழுத்துப் போட்டேன்.