குடல் பேசும்வரை

மார்ச் 4
என் கணவர் எசென்பெக்குக்கு அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை. ஈரலில் பாதியை எடுக்க வேண்டுமாம். ஆட்டு ஈரலைப் பச்சையாக நாய்க்குப் போட்டுப் போட்டு, அந்த நாயிடமிருந்தே நமக்குத் தொற்றும் புழுக்கட்டி, அவர் ஈரலில்.

மார்ச் 5
டாக்டர் சாலியாவிடம் கேட்காமலே இருந்திருக்கலாம். அறுக்கும்போது ஈரலுக்குப் போகும் ரத்தத்தை இறுக்கி நிறுத்துவார்களாம்.
"குடல் ரத்தம் ஈரல் வழியாத்தான் போகணும். மடையை அடைச்சா மேல் வயல்ல தண்ணி தேங்குமில்ல? அப்படி குடல் வீங்கும். ரொம்ப நேரம் போனா குடல் சுவர் கெட்டு, கிருமி ரத்தத்துல கலந்துடும்."
"அப்ப என்ன பண்ணுவீங்க?"
"கொஞ்ச நேரம் அடைப்போம், திறந்துவிடுவோம், மறுபடி அடைப்போம். குடல் தாங்கிக்கும்."
தாங்காவிட்டால்?

மார்ச் 7
உயிரோடு இருக்கிறார். ஆனால் குடல் பிழைத்ததா என்று இன்னும் தெரியாதாம். "வாயு பிரியணும். பிரிஞ்ச உடனே சொல்லுங்க" என்றார் டாக்டர்.

மார்ச் 9
இல்லை.

மார்ச் 10
இன்றும் இல்லை. வயிறு உப்பியிருக்கிறது. நேற்று ஊரிலிருந்து வந்த அம்மா, மாப்பிள்ளையின் கையைப் பிடித்தபடி கட்டிலை விட்டு நகரவில்லை. டாக்டர் கேட்கும்போதெல்லாம் அவர் சுவரைப் பார்த்து இல்லையென்று தலையாட்டுகிறார். நாளையும் இப்படியே என்றால் மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கலாம். ஐயோ, திரும்பவுமா! குசுன்னு சொல்லவே நாக்கு கூசுற ஊர்ல பொறந்துட்டு, அதுக்காகத் தொழுறேனே... அல்லாவே, ஒண்ணே ஒண்ணு!

மார்ச் 11
அம்மா தேநீர் வாங்கப் போனதும் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.
"கோவிச்சுக்காத. நேத்தே ஒண்ணு போச்சு. அப்புறம் அடக்கி வச்சிருக்கேன்."
"அப்ப ஏன் இல்லைன்னு தலையாட்டினீங்க?"
"அத்தை பக்கத்துல இருந்தாங்களே! எந்த முகத்தை வச்சுக்கிட்டுச் சொல்றது?"
அடிப்பதா, கட்டிக்கொள்வதா? டாக்டரிடம் ஓடினேன். சிரித்துக்கொண்டே வந்து வயிற்றில் குழலை வைத்துக் கேட்டார். குடல் நன்றாகவே பேசுகிறதாம். தேநீரோடு திரும்பிய அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவளாகவே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அறைக்கு வெளியே போய்விட்டாள்.

மார்ச் 21
நவ்ரூஸ், எங்கள் புத்தாண்டு. வீடு நிறைய உறவு. அம்மா ஆட்டு ஈரலை நாய்க்கு எட்டாதபடி ஆழமாகப் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். எல்லாரும் சாப்பிடும்போது எசென்பெக் பக்கமிருந்து நீளமாக ஒரு சத்தம். அவர் காது சிவந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.
அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.
"நான்தான்," என்றாள். "வயசாயிடுச்சு பாருங்க."