பன்னிரண்டாவது கருத்து

என் பொறியியலாளருக்கு,

உங்கள் குழு வெளியிட்ட பிரஷர் குக்கர் தர நிர்ணய வரைவுக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து பதினொரு கருத்துகள் அனுப்பிய புவனேந்திரன் நான்தான்.

கோபம் வந்தால் கோபித்துக்கொள்ளும். பொதுமக்கள் அனுப்பும் ஒவ்வொரு கருத்துக்கும் குழு கட்டாயம் பதில் எழுத வேண்டும், அந்தப் பொறுப்பு உம்முடையது என்று நீர்தான் ஒருமுறை சொன்னீர். ஆறு மாதமாக வேலை முடிந்து வந்ததும் லப்டொப்பைத் திறந்துவிடுகிறீர். சம்பளம்கூட இல்லாத வேலை! நான் எதைக் கேட்டாலும், "ஓம், பிறகு கதைப்பம்." வேறு வழி தெரியாமல்தான் பெயரையும் ஊரையும் மாற்றி எழுதினேன்.

முதல் பத்துக்கும் நன்றி சொல்லிப் பதில் போட்டீர். எனக்கு நீர் நன்றி சொல்லி எத்தனை நாள்?

பதினோராவது மட்டும் உண்மை. கைப்பிடி சூடேறி உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டேன் என்று எழுதினேன். வெள்ளவத்தையில், நம் குசினியில், உமக்குப் பருப்பு அவிக்கும்போது நடந்தது. கைப்பிடியைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டுக் கடைசியில், "இப்போது கை எப்படி இருக்கிறது? டொக்டரிடம் காட்டினீர்களா?" என்று கேட்டிருந்தீர். முன்பின் தெரியாத ஒருவனிடம்!

அந்தப் பதிலை நீர் எழுதும்போது பக்கத்தில் தேத்தண்ணி வைத்தது கட்டுப்போட்ட இந்தக் கைதான். நீர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

புவனேந்திரனுக்குக் கை ஆறிவிட்டது. எனக்கு இன்னும் வலிக்கிறது.

இதைப் பன்னிரண்டாவது கருத்தாக எடுத்துக்கொள்ளும். விதிப்படி பதில் கட்டாயம்.

இப்படிக்கு,
பருப்பு அவித்தவன்