தேனீ வராத காட்டுப்பூ

அக்டோபர் 14, 1963. மின்னி பே.

இந்தத் தீவுச் சரிவில் மிஞ்சிய ஒரே காட்டுச்செடி இந்த வருடமும் பூத்தது. ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. தேனீக்கள் எல்லாம் பக்கத்து பங்களா வேலியில், மெயின்லாண்டிலிருந்து கப்பலில் வந்த ரோஸ் கொடியில்தான் மொய்க்கின்றன. என் கணவரின் ஆபீசர் வீட்டம்மா நட்ட கொடி.

இன்று கேட்டேவிட்டேன். "கொடியைக் கொஞ்சம் வெட்டுங்கம்மா. இந்தச் செடி விதையில்லாம அத்துப்போயிடும்."

"அரே, ஜங்கிள் செடிக்கா டீச்சரம்மா இவ்வளவு பரேஷான், இவ்வளவு கவலை? தேனீயை நானா கட்டி வச்சிருக்கேன்?" என்று சிரித்தார்.

மாலையில் கணவர் அந்தக் கொடியின் துண்டோடு வந்தார். "ஆபீசரம்மா குடுத்தாங்க. நம்ம மெட்ராஸ் டிரான்ஸ்பர் சார் கையெழுத்துக்குத்தான் நிக்குது. பேசாம இரு." வாசலில் நட்டார்.

பிடுங்கி எறியத்தான் வெளியே போனேன். மெட்ராஸ் ஹாஸ்டலில் இருக்கும் மகள் நினைவுக்கு வந்தாள். தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே வந்தேன்.